சக்கரம் மடங்காத விமானத்தில் காசிக்குக் கிளம்பியது

என் மாமியாருக்கு ஒரே மகன். என் மனைவிக்குத் தம்பி, எனக்கு மச்சான். பூந்தமல்லியில் குடியிருக்கிறான். திருமழிசைப் பக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறான். மாமனார் தவறிப்போன நாளிலிருந்து மாமியாருக்கு இருந்தது ஒரே ஆசைதான். ஒரு தை அமாவாசையன்று காசியில், கங்கைக் கரையில், மகன் கையால் அவருக்குப் பிண்டம் வைத்துவிட வேண்டும்.

மகன் கையால் என்பதுதான் இதில் முக்கியம். நான் ஒருமுறை, "அத்தே, நான் வேணா லீவு போட்டுட்டு உங்களக் கூட்டினு போறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீயும் வா மாப்ளே, பை தூக்க ஆள் வேணும். ஆனா அந்த மனுஷன் காத்துகினு கீறது அவரு புள்ள கைக்குத்தான்" என்றார்.

வருஷா வருஷம் தை மாசம் வரும். வருஷா வருஷம் மச்சானின் வேனுக்கு மாற்று டிரைவர் கிடைக்க மாட்டார். ரயிலில் போய் வந்தால் ஒரு வாரம் ஆகும், அவ்வளவு நாள் ஓனர் விட மாட்டார். இப்படியே தள்ளிக்கொண்டு போனதில் மாமியாருக்கு மூட்டு வலி முற்றிவிட்டது. டாக்டர் அம்மா, "படி ஏறி இறங்குற வேலையெல்லாம் இந்த வருஷத்தோட சரி, அடுத்த வருஷம் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். காசியில் கங்கைக்கு இறங்குவதே படிதான். மாமியார் எங்கள் வீட்டு சாமி மாடத்துக்கு எதிரே உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதார்.

நான் மண்ணூர்பேட்டையில் பிரஸ் ஷாப்பில் தகடு அழுத்தும் மெஷினில் வேலை பார்ப்பவன். பத்தாவதைத் தாண்டாதவன். விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்த அழுகையைப் பார்த்ததும், முருகா நீ இருக்கிறாய் என்று துணிந்துவிட்டேன். என் மகள் போனிலேயே நான்கு பேருக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அமாவாசைக்கு முதல் நாள் காலையில் கிளம்பினால் மத்தியானம் காசி. மச்சானும் ஓனரிடம் சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டான்.

விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிற இடத்திலேயே வம்பு ஆரம்பித்தது. மாமியார் தன் பையில் தேங்காயும் ஒரு டப்பா சூடமும் வைத்திருந்தார். சோதனை செய்த பெண் சூட டப்பாவை எடுத்துத் தனியே வைத்து, "அம்மா, இது எரியற பொருள், உள்ள கொண்டு போகக் கூடாது" என்றது.

"எரியறதுக்குத்தானேம்மா சூடம்?" என்று மாமியார் கேட்டார்.

அந்தப் பெண் தேங்காயையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டது.

விமானத்துக்குள் மச்சானுக்குத்தான் ஜன்னல் சீட்டு. "நான் டிரைவரு மாமா. அந்தாளு எப்டி ஓட்டறாருன்னு நான் பாக்கணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டான். பைலட் இருப்பது முன்னால், நாம் பார்க்கப்போவது இறக்கையை மட்டும் என்று சொன்னேன். கேட்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் நான். நடைபாதைக்கு அந்தப் பக்கம் மாமியாரும் என் மனைவியும்.

வண்டி ஓடி மேலே கிளம்பியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு சண்முகா சண்முகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சான் பக்கத்தில் தேர்வு வைக்கிற வாத்தியாரைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான். "ஷோக்கா தூக்கினாரு மாமா. குலுக்கலே இல்ல." கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது. "காலுக்குக் கீழ கடகடன்னு இன்னாவோ அடிக்குதே. கேக்குதா?"

எனக்கும் கேட்டது. எல்லா விமானமும் இப்படித்தான் அடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் பைலட் பேசினார். முதலில் இங்கிலீஷில் சொன்னார். பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு தமிழில் சொன்னார். மீதிப் பாதிப் பேரும் நிமிர்ந்தோம்.

"பயணிகளுக்கு வணக்கம். நம்ம விமானத்தோட சக்கரம் ஒண்ணு சரியா உள்ள மடங்கல. இப்போதைக்கு எந்த ஆபத்தும் இல்ல. ஆனா இப்படியே காசிக்குப் போகாம, சென்னைக்கே திரும்பறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். எடை குறையறதுக்காகக் கொஞ்ச நேரம் மேலயே சுத்தி எரிபொருளைச் செலவு பண்ணிட்டு இறங்குவோம். எல்லாரும் பெல்ட் போட்டு உக்காந்திருங்க."

என் மனைவி என் பக்கம் சாய்ந்தாள். "இப்போதைக்குன்னா இன்னாங்க அர்த்தம்?"

"ஆபத்து இல்லன்னு அர்த்தம்."

"அப்பால எதுக்கு இப்போதைக்குன்னு சொல்றாரு?"

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் குரல் எழும்பியது. அவருடைய கவலை சக்கரத்தைப் பற்றியது இல்லை. "திரும்பறதா? சாமி காரியத்துக்குக் கிளம்பிட்டுத் திரும்பறதா? இன்னா மாப்ளே இது அநியாயம்?"

எங்கள் குடும்பத்தில் நல்ல காரியத்துக்கு வாசலைத் தாண்டிவிட்டால் திரும்பக் கூடாது. கண்ணாடியை மறந்தாலும் சரி, பத்திரிகையை மறந்தாலும் சரி, யாராவது கொண்டுவந்து தெருவில் கொடுக்க வேண்டும். தப்பித் தவறித் திரும்பிவிட்டால் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகக் கிளம்புவது போலக் கிளம்ப வேண்டும். அப்படிச் செய்தால் போன காரியம் கெடாது என்று நம்பிக்கை. நானும் நம்புகிறவன்தான்.

மாமியார் நடைபாதையில் போன பணிப்பெண்ணின் கையைப் பிடித்தார். "எம்மா, அந்தத் தம்பி கிட்டப் போய்ச் சொல்லு. போயிட்டு வந்து ரிப்பேர் பாத்துக்கலாம். நாளைக்கு அமாவாச."

அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல், "சொல்றேம்மா, நீங்க பெல்ட் போடுங்க" என்றது. நிச்சயம் சொல்லியிருக்காது.

மச்சானுக்கும் கோபம். ஆனால் அது தொழில் கோபம். "மாமா, நீயே சொல்லு. சக்கரம் உள்ள போவல, வெளிய கீது. வண்டின்னா சக்கரம் வெளிய தானே இருக்கணும்? உள்ள மாட்டிகினா பேஜாரு. வெளிய இருந்தா இன்னா பிரச்சன? நானா இருந்தா ஓட்டிகினு போயிகினே இருப்பேன்."

"வானத்துல எதுக்குடா சக்கரம்?"

"அதான் சொல்றேன். வானத்துல சக்கரமே வேணாம். அது உள்ள இருந்தா இன்னா, வெளிய இருந்தா இன்னா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவன் நிறுத்தவில்லை. "சும்மாவே சுத்தி எண்ணெய எரிக்கப் போறாராம். எங்க ஓனரு கிட்ட இப்டி சொன்னா, கீழ செருப்போட நின்னுகினு இருப்பாரு."

அப்போது விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. அது மச்சானின் ஜன்னல் பக்கம். வானம் தெரிய வேண்டிய ஜன்னல் முழுக்கத் தரையாக இருந்தது.

"மாமா, நம்ம செம்பரம்பாக்கம் ஏரி" என்றான் உற்சாகமாக.

கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, மறுபடியும் ஏரி" என்றான். உற்சாகம் குறைந்திருந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அதே ஏரிதான் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் மறைப்பைக் கீழே இழுத்தான். என் கையைப் பிடித்தான். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை. என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அந்தப் பக்கத்தில் வேண்டுதல்கள் ஆரம்பித்திருந்தன. என் மனைவி வேற்காட்டு அம்மனுக்கு என் தலையை மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. மாமியார் திருத்தணி முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். யார் மொட்டை என்று எட்டிக் கேட்டேன். "நம்ம ஊட்டுல உனக்குத்தான் மாப்ளே முடி ஜாஸ்தி" என்றார். மச்சானும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான். அவனும் என் தலையைத்தான் எழுதிக் கொடுக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் எனக்காக எதையும் வேண்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். முதலில் என் பிள்ளைகளை நினைத்து வேண்டினேன். பிறகு முன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை நினைத்தேன். எங்கள் பிரஸ் ஷாப்பில் மெஷின் வேறு மாதிரி சத்தம் போட்டால், என்ன செய்யலாம் என்று கேட்கப் பக்கத்து மெஷினில் ஆள் இருப்பார், போர்மேன் இருப்பார், சுவிட்சை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இவருக்கு நிறுத்துகிற சுவிட்சே கிடையாது. ஓட்டிக்கொண்டேதான் யோசிக்க வேண்டும். போவதா, திரும்புவதா என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்காகவும் அவரே முடிவு செய்ய வேண்டும். அப்பனே முருகா, எங்களை நீ தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அந்தப் பிள்ளையின் புத்தியில் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு என்று வேண்டினேன். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

இறங்கும்போது ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. மச்சான் மறைப்பைத் தூக்கி ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடியும் இழுத்துவிட்டான். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உடனே, "தண்ணி குடு. எல்லாரும் ஒரு வாய் குடிங்க" என்றார். குடித்தோம்.

வேறு விமானம் தயாராகிறது, மத்தியானத்துக்குள் கிளம்பும் என்று சொல்லி எங்களைக் காத்திருக்கும் கூடத்தில் உட்கார வைத்தார்கள். மாமியார் முகம் தெளிந்துவிட்டது. சாயந்திரம் காசி, விடிந்தால் அமாவாசை, காரியம் கெடவில்லை. அப்போதுதான் மச்சான் சொன்னான், "நான் வரல."

முதலில் நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். அவன் இரும்பு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"நீங்க போங்க. நான் பஸ் புடிச்சி ஊட்டுக்குப் போறேன். அடுத்த வருசம் ட்ரெயின்ல போலாம்."

"அடுத்த வருசம் எனக்குக் காலு கீதாடா?" என்றார் மாமியார்.

"நான் தூக்கினு போறேம்மா."

"இத்தினி வருசம் லீவே கெடைக்கல. அடுத்த வருசம் ஒரு வாரம் ட்ரெயின்ல போறதுக்குக் கெடைக்குமா?"

என் மனைவி அவனைத் திட்டினாள். "ஓட்டிகினு போயிகினே இருப்பேன்னு சொன்னவன் இன்னா ஆன? வாயி மட்டும் அம்பத்தூரு வரைக்கும் நீளுது."

"எக்கா, அது ஏரியப் பாக்கறதுக்கு முன்னாடி."

நான் கெஞ்சினேன். அவன் அசையவில்லை. மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாமனாரின் சிறிய போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரத்தில் பைலட் அந்த வழியாக வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, சின்னச் சக்கரப் பெட்டி. நாற்பது வயதுக்குள் இருக்கும். இங்கே அங்கே நின்று பயணிகளோடு பேசிக்கொண்டு வந்தார். குரலைக் கேட்டதும் மாமியார் கண்டுபிடித்துவிட்டார்.

"எப்பா, நீதானா ஓட்டின?"

"ஆமாம்மா. ரொம்ப பயந்துட்டீங்களா?"

"நான் எதுக்குப் பயப்படறேன்? மறுபடியும் நீதான் ஓட்டப் போறியா?"

"நான்தாம்மா."

"அப்டின்னா குந்து. கிளம்பித் திரும்பின இல்ல? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடியும் கிளம்பணும்." பாட்டிலை நீட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்காமல் உட்கார்ந்தார். "எங்க அம்மாவும் இப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து குடித்தார்.

மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான். "சார், நானும் டிரைவருதான். வேன். ஒண்ணு கேக்கலாமா? சக்கரம் வெளியதானே இருந்துச்சி. எதுக்குத் திரும்புனீங்க?"

"வெளிய இருந்தா காத்து தடுக்கும். எரிபொருள் மளமளன்னு இறங்கும், காசி வரைக்கும் பத்தாது. அங்க அப்போ பனிமூட்டம் வேற. இறங்க முடியலன்னா இன்னொரு ஊரைத் தேடிப் போகணும். ஒரு கோளாறோட போய் ரெண்டாவது கோளாறுல மாட்டிக்கறதை விட, நமக்குத் தெரிஞ்ச இடத்துல, பெரிய ரோட்டுல, ஆளுங்க தயாரா நிக்கறப்ப இறங்கறது நல்லது இல்லையா?"

"கோளாறுன்னு லைட்டு எரியுமே, எரிஞ்சதும் இன்னா பண்ணுவீங்க?"

"முதல்ல ஒண்ணும் பண்ண மாட்டேன். வண்டிய நேரா ஓட்டுவேன். பதட்டத்துல எதையாவது தொட்டா சின்னது பெருசாயிடும். அப்புறம் பக்கத்து சீட்டுக்காரர் புத்தகத்தைத் திறந்து படிப்பார், அதுல சொல்ற மாதிரி ஒண்ணொண்ணா செய்வோம்."

மச்சான் அதிர்ந்துவிட்டான். "புக்கப் பாத்தா ஓட்டுறீங்க?"

"மனசுல இருக்கறது பயத்துல மறந்துடும் அண்ணே. புக் மறக்காது."

"நாமளும் கஷ்டம்னா சாமி புஸ்தகத்த எடுத்துத்தானேடா படிக்கிறோம்" என்றார் மாமியார். பைலட் சிரித்துவிட்டார். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. சரியாகத்தான் சொன்னார்.

மச்சானுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. அதுதான் அவனுக்குப் பெரிய கேள்வி. குரலைத் தாழ்த்திக் கேட்டான். "இத்தினி எண்ணெய வேஸ்ட் பண்ணீங்களே, ஓனரு திட்ட மாட்டாரா?"

"கேப்பாங்க. ஏன் திரும்பினன்னு எழுதித் தரணும்."

"அப்பால?"

"எழுதித் தர நான் இருக்கேன்ல?"

மச்சான் என்ன நினைத்தானோ எனக்குத் தெரியாது. பிரேக்கிலிருந்து புகை வந்தபோதுகூட, ஷிப்டுக்கு லேட் ஆகுமே என்று மண்ணூர்பேட்டை வரை ஓட்டி வந்து பெருமையாகச் சொன்னவன் அவன். "சார், இந்த வண்டியிலயும் எதுனா ஆச்சுன்னா?" என்றான்.

"திரும்பிடுவேன்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்."

"அடுத்ததுலயும் ஆச்சுன்னா?"

"திரும்பி வந்து உங்க அம்மா கிட்ட இன்னொரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பேன்."

மச்சான் கைப்பிடியை விட்டான். எழுந்து, கீழே கிடந்த தன் பையை எடுத்து என் தோளில் மாட்டினான். "வா மாமா. ஆளு கில்லாடி. ஆனா ஜன்னலு உனக்குத்தான்."

சாயந்திரம் காசியில் இறங்கினோம். வழியில் சக்கரம் மடங்கியதா என்று பணிப்பெண்ணை அவன் எத்தனை தடவை கேட்டான் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

விடிந்ததும் கரைக்குப் போனோம். எதிர்க்கரை தெரியாத பனி. படியைப் பார்த்து மாமியார் மலைத்து நின்றபோது, மச்சான் அவரைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்போடு அள்ளிக்கொண்டு இறங்கினான். தமிழ் தெரிந்த சாஸ்திரிகள் ஒருவர் சொல்லச் சொல்ல, பிண்டம் பிடித்து வைத்தான். எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பிண்டத்தை ஆற்றில் விட்டதும் மாமியார் கும்பிட்ட கையை இறக்காமல், "வாங்கிகினாருடா, வாங்கிகினாரு" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் மறைத்துவிட்டது.

கடைசியாக, காசிக்கு வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த காய் ஒன்றையோ பழம் ஒன்றையோ இனிமேல் தொடுவதில்லை என்று சொல்லி முழுகி, கங்கையில் விட்டுவிட வேண்டும் என்றார் சாஸ்திரிகள். மாமியார் மாம்பழத்தை விட்டார். என் மனைவி பலாப்பழத்தை விட்டாள். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கத்திரிக்காயை விட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்ற மச்சான் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, நான் பிளைட்டை உட்டுட்றேன்" என்றான்.

"காய், பழம்தான்பா விடணும்" என்றார் சாஸ்திரிகள்.

"எனக்கு இன்னா தோணுதோ அதத்தானே உடணும்? உட்டேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் படியில் ஒரு அடி இறங்கி நின்று, "மச்சான், நாம ஊருக்குத் திரும்பறதும் பிளைட்டுலதான்டா. டிக்கெட் எடுத்தாச்சு" என்றேன்.

"எப்போ?"

"நாளைக்குக் காலையில."

அவன் நடுங்கிக்கொண்டே சாஸ்திரிகள் பக்கம் திரும்பினான். "சாமி, நான் இன்னும் முழுகல இல்ல? மாத்திக்கலாமா?"

"சீக்கிரம் சொல்லுப்பா, எனக்கும் குளுருது."

"பாவக்கா."

"அடப்பாவி! பாவக்காய நீ என்னிக்குடா துன்ன?" என்று மாமியார் படியிலிருந்து கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கங்கையில் முழுகிவிட்டான்.